துணியின் குற்றம் யாருடைய குற்றம்?

துணியில் விழும் பழுதையும் நம் மொழியில் குற்றம் என்கிறோம். சட்டத்தை மீறிய செயலையும் குற்றம் என்கிறோம். சொல் ஒன்றாயிருப்பதால் பொருளும் ஒன்றே என்று கருதிவிடுவது எளிது. நெசவுக் கொட்டகைகளில் நெடுங்காலம் அங்ஙனம் கருதியே காரியம் நடந்து வந்திருக்கிறது. துணியில் ஓர் இழை விடுபட்டால், நெய்தவன் கூலியில் ஒரு பகுதி விடுபட்டது. விசாரணை இல்லை, சாட்சியம் இல்லை, தீர்ப்பு மட்டும் உண்டு. இது நியாயமா என்னும் கேள்வியைச் சற்றே ஒருபுறம் வைப்போம். இம்முறையால் துணியாவது திருந்திற்றா என்று கேட்டால், திருந்தவில்லை என்பதே கைத்தொழிற் சரித்திரம் தரும் விடை. பழுதைக் குறைக்கும் வழி வேறு. அது கண்டறியப்பட்டு நூறாண்டுகள் கடந்துவிட்டன. அவ்வழி இன்னதென்பதையும், அதனைக் கேட்டுப் பெற வேண்டியவர் யாவர் என்பதையும் இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம்.

அபராதத்தின் சரித்திரம்

கிழக்கிந்தியக் கம்பெனியார் காலத்தில், சென்னைக் கோட்டைக் கிடங்குகளுக்கு வந்து சேர்ந்த துணி, மாதிரித் துண்டோடு ஒப்பிட்டுத் தரம் பிரிக்கப்பட்டது. மாதிரிக்குக் குறைந்தது தள்ளப்பட்டது. அல்லது அதன் விலை குறைக்கப்பட்டது. அந்த நஷ்டம் வியாபாரி வழியே படிப்படியாகக் கீழிறங்கி, முன்பணம் வாங்கிக்கொண்டு நெய்த ஏழையின் தலையில் வந்து அமர்ந்தது. யந்திர ஆலைகள் வந்தபின் வழக்கம் ஒழியவில்லை, அளவே பெருகிற்று. பம்பாய் மில்களில், பழுதான துணியை நெய்தவனிடமே கொடுத்து, அதன் விலையைக் கூலியில் பிடித்துக்கொள்ளும் முறை இருந்தது. கூலி வாங்கப் போனவன், தனக்கு வேண்டாத துணியைச் சுமந்துகொண்டு, அதனை விற்பதற்கு வழி தேடித் திரிய வேண்டியிருந்தது. 1929-இல் நியமிக்கப்பட்டு 1931-இல் அறிக்கை வெளியிட்ட ராயல் தொழிற் கமிஷன், அபராதங்களையும் பிடித்தங்களையும் பற்றி ஆராய்ந்தது. அதன் பின்னர் வந்ததே 1936-ஆம் வருஷத்து ஊதியம் வழங்கற் சட்டம்.

அச்சட்டம் அபராதத்திற்கு ரூபாய்க்கு அரை அணா என்று வரம்பு கட்டிற்று. தொழிலாளி தன் தரப்பை எடுத்துச் சொல்ல வாய்ப்பளித்த பிறகே அபராதம் விதிக்கலாம் என்றும் விதித்தது. பிற்காலத்தில் அவ்வரம்பு நூற்றுக்கு 3 ஆயிற்று. 2019-ஆம் வருஷத்து ஊதியக் கோவையிலும் அதே வரம்புதான் இடம் பெற்றிருக்கிறது. இது சிறு நன்மையன்று. ஆயினும் இதன் எல்லையை நாம் அறிந்திருத்தல் வேண்டும். சட்டம் தண்டனைக்கு வரம்பு கட்டிற்றே அன்றிப் பழுதின் காரணத்தைத் தேடவில்லை. தேடுவது சட்டத்தின் வேலையும் அன்று. அன்றியும், பிறருடைய பாவையும் ஊடையையும் வாங்கித் தம் கூடத்தில் கூலிக்கு நெய்து கொடுக்கும் விசைத்தறிக்காரர், சட்டத்தின் கண்ணுக்குப் பெரும்பாலும் தொழிலாளியாகவே தோன்றுவதில்லை. அவர் ஒப்பந்தக்காரர். துணி அளந்து வாங்கப்படும் இடத்தில் பிடித்தம் செய்தால், அவருக்கு அந்த வரம்பும் துணை நிற்காது.

பழுது பிறக்கும் இடம்

துணியைச் சோதிப்பவர் வெளிச்ச மேஜையின்மேல் துணியை ஓடவிட்டுப் பார்க்கிறார். பாவிழை அறுந்து நீளமாய் விடுபட்ட கோடு, ஊடை தவறிய இடம், தடித்த இழை, முடிச்சு, எண்ணெய்க் கறை, சாயம் பட்டை பட்டையாய் ஏறியிருத்தல் ஆகியவை அவர் கண்ணில் படுகின்றன. உலகச் சந்தையில் பெரிதும் வழங்கும் நான்கு புள்ளி முறைப்படி அவற்றிற்கு மதிப்பெண் இடுகிறார். 3 அங்குலம் வரையுள்ள பழுதுக்கு 1 புள்ளி. 3-க்கு மேல் 6 வரை 2. 6-க்கு மேல் 9 வரை 3. அதற்கு மேற்பட்டால் 4. ஒரு கஜ நீளத்தில் எத்தனை பழுது இருப்பினும் 4 புள்ளிக்கு மேல் இடுவதில்லை. 100 சதுர கஜத்திற்கு 40 புள்ளிக்கு மேற்போனால் அது இரண்டாந்தரம் என்பது பொதுவாய் வழங்கும் கணக்கு. வாங்குவோனுக்கும் விற்போனுக்கும் இடையே வழக்கு வராமல் காக்க இது நல்ல அளவுகோல். ஆனால் அது துணியை மட்டுமே அளக்கிறது. பழுது எங்கே பிறந்தது என்று அது சொல்வதில்லை.

பிறந்த இடம் தேடிப் புறப்பட்டால் தறியோடு நின்றுவிட முடியாது. பாவிழை அறுந்ததா? நூலின் முறுக்கு ஒரு சீராய் இல்லாதிருக்கலாம். கஞ்சி சரியாய் ஏறாதிருக்கலாம். கொட்டகைக் காற்றில் ஈரம் குறைந்திருக்கலாம். விழுதிலோ அச்சிலோ ஒரு கம்பி தேய்ந்து இழையை அராவிக்கொண்டிருக்கலாம். சீரான இடைவெளி விட்டுத் தடிப்பு விழுகிறதா? நூற்பாலையில் ஓர் உருளை வட்டம் பிசகிச் சுற்றுகிறது என்று ஐயுறலாம். அது ஒரு சுற்றுச் சுற்றுந்தோறும் நூலில் ஒரு தடிப்பு விழும். சாயம் பட்டையாய் ஏறிற்றா? வெவ்வேறு பஞ்சுக் கலவையில் நூற்ற கண்டுகளை ஒரே துணியில் கலந்துவிட்டார்கள் போலும். வெள்ளைத் துணியில் வண்ண இழை தெரிகிறதா? காட்டில் பஞ்சு எடுத்த கோணியிலிருந்தோ பிளாஸ்டிக் சாக்கிலிருந்தோ பிரிந்த நார், கடைதல், நூற்றல், நெய்தல் எல்லாவற்றையும் கடந்து வந்து சேர்ந்திருக்கிறது. இத்தனையிலும் தறியில் நிற்பவன் கை எங்கே இருக்கிறது? பஞ்சு அவன் வாங்கியதன்று. நூல் அவன் நூற்றதன்று. கஞ்சி அவன் போட்டதன்று. பழுது கண்ணுக்குத் தெரியும் இடத்தில் அவன் நிற்கிறான். அவன் பெயர் துணியோடு சேர்த்து எழுதப்பட்டது அதனாலேயே.

எண்களின் சாட்சியம்

அமெரிக்காவில் டெலிபோன் கருவிகள் செய்யும் நிறுவனத்தைச் சேர்ந்த வால்டர் ஷூவார்ட் என்னும் பௌதிக அறிஞர், 1924-இல் தம் மேலதிகாரிக்கு ஒரு சிறு குறிப்பு எழுதினார். எத்தொழிலிலும் விளைபொருள் நாளுக்கு நாள் சிறிது மாறியே தீரும். அம்மாறுதல் இருவகைத்து. எண்ணற்ற சிறு காரணங்கள் கூடி எப்பொழுதும் விளைவிப்பது ஒருவகை. குறிப்பிட்ட ஒரு காரணம் புதிதாய்ப் புகுந்து விளைவிப்பது மற்றொரு வகை. இரண்டையும் கணக்கினால் பிரித்தறியலாம் என்று அவர் காட்டினார். அதற்காக அவர் வரைந்த படமே இன்று உலகமெங்கும் தொழிற்சாலைகளில் தொங்கும் கட்டுப்பாட்டு வரைபடம்.

நம் நேயர்களுக்காக அதனை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். ஒரு தறித் தொகுதியில் நாள்தோறும் ஒரே நீளத் துணியைச் சோதித்துப் பழுதுகளை எண்ணி வருவதாகவும், பல நாள் எண்ணியதில் சராசரி 9 என்று வந்ததாகவும் கொள்வோம். 9-இன் வர்க்கமூலம் 3. அதனை மும்மடங்காக்கிச் சராசரியோடு கூட்டினால் 18, கழித்தால் 0. இவை இரண்டும் எல்லைகள். எண்ணிக்கை இவற்றினுள் ஏறி இறங்கும்வரை புதிதாய் ஒன்றும் நேர்ந்துவிடவில்லை என்று கொள்ள வேண்டும். திங்கட்கிழமை 7, செவ்வாய் 12, புதன் 5, வியாழன் 14, வெள்ளி 8 என்று வந்தால், அவ்வைந்து நாளும் ஒரே வகை நாள்களே.

மேஸ்திரி இதை அறியார். புதன்கிழமை 5 கண்டு மகிழ்ந்து பாராட்டுகிறார். மறுநாள் 14 வருகிறது. வியாழக்கிழமை வைது அபராதம் போடுகிறார். மறுநாள் 8 வருகிறது. பாராட்டினால் கெடுகிறார்கள், வைதால் திருந்துகிறார்கள் என்று தம் அனுபவத்தில் கண்ட உண்மையாகவே அவர் நம்பிவிடுகிறார். மேடேறிய எண் மறுநாள் இறங்குவதும், பள்ளத்தில் விழுந்த எண் மறுநாள் ஏறுவதும் எண்களின் இயல்பு. அவருடைய வசவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. அபராதம் பயன் தருகிறது என்னும் நம்பிக்கை இத்தனை காலம் உயிரோடிருந்ததற்கு இந்தத் தோற்றமே பெருங்காரணம் என்று நாம் கருதுகிறோம்.

ஒரு நாள் எண்ணிக்கை 23-க்குத் தாவினால் அது வேறு செய்தி. அன்றே தேட வேண்டும். புதிய நூல் மூட்டை பிரித்தார்களா? கஞ்சிப் பக்குவம் மாறிற்றா? ஈரம் தரும் யந்திரம் நின்றதா? சூடு ஆறுமுன் தேடினால் காரணம் அகப்படும். மாதக் கடைசியில் கணக்குப் பார்த்தால் அகப்படாது. ஆனால் இதனினும் முக்கியமான பாடம் ஒன்று உண்டு. சராசரி 9 என்பதே அதிகம், அதனை 4 ஆக்க வேண்டும் என்று முதலாளி விரும்புவாராயின், அதனைச் செய்ய வல்லவர் தொழிலாளி அல்லர். நல்ல நூலை வாங்குவதும், தேய்ந்த உறுப்புகளை மாற்றுவதும், பயிற்சி அளிப்பதும் நிர்வாகத்தின் கையில் உள்ளன. எல்லைக்குள் நிகழும் பழுது அந்தத் தொழில் முறையின் பழுது. முறையை அமைத்தவர் யாரோ அவரே அதற்குப் பொறுப்பாளி.

இந்த ஞானம் நம் நாட்டிற்கு எட்டாமல் இல்லை. பேராசிரியர் மகலனோபிஸின் அழைப்பை ஏற்று ஷூவார்ட் 1947-48-இல் இந்தியாவிற்கே வந்து, தொழில் நிலையங்களைக் கண்டு பேசிச் சென்றார். 1947-இல் ஆமதாபாத்திலே ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம் தோன்றிற்று; இளைஞரான விக்ரம் சாராபாய் அதன் முதல் இயக்குநரானார். 1956-இல் கோயமுத்தூரில் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம் ஏற்பட்டது. நூலின் வலிமையையும் சீரையும் சோதிக்க இன்று நமக்குச் சாதனக் குறைவு இல்லை.

நிற்கத் தெரிந்த தறி

ஜப்பானில் சாகிச்சி டொயோடா என்பவர் தச்சர் குடும்பத்திற் பிறந்து, தறியைத் திருத்துவதிலேயே வாழ்நாளைச் செலவிட்டவர். 1924-இல் முற்றுப்பெற்ற அவருடைய தானியங்கித் தறி, ஊடை தீர்ந்தால் ஓட்டத்தை நிறுத்தாமலே வேறு நாடாவை மாற்றிக்கொள்ளும். இழை அறுந்தால் தானே நின்றுவிடும். தறிக்குத் தாயகமாய் விளங்கிய இங்கிலாந்தின் பிளாட் கம்பெனியாரே 1929-இல் அதன் உரிமையை விலை கொடுத்து வாங்கினர். அக்குடும்பம் பின்னர் மோட்டார்த் தொழிலில் இறங்கிய காலத்தும், பழுது கண்டவுடன் நிறுத்துவது என்னும் கொள்கையையே கைவிடாது கொண்டு சென்றது. பழுதை நெய்துகொண்டே போய்க் கடைசியில் பொறுக்கி எடுப்பதைவிட, அது பிறந்த கணத்தில் நிறுத்திக் காரணத்தை நீக்குவதே மேல் என்பது அவர் கண்ட உண்மை.

நம் கொட்டகைகளில் நிறுத்துவது யாருக்கு நஷ்டம் என்று பாருங்கள். மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி பேசிய இடத்தில், தறி நிற்கும் ஒவ்வொரு நிமிஷமும் தொழிலாளியின் நஷ்டம். ஓடவிட்டால் பழுதுக்குப் பிடித்தம். நிறுத்தினால் கூலி இழப்பு. இரண்டு பக்கமும் அடிக்கும் மத்தளமாக அவனை வைத்துக்கொண்டு, துணி குற்றமற்றதாய் வர வேண்டும் என்று எதிர்பார்ப்பது எங்ஙனம் பொருந்தும்?

ஆமதாபாத் காட்டிய வழி

ஆமதாபாத் காலிகோ மில்லில் 1953-இல் நடந்த பரிசோதனை ஒன்றை நம் தொழிற்சங்க அன்பர்கள் அவசியம் அறிந்திருத்தல் வேண்டும். அங்கே தானியங்கித் தறிகளைப் புதிதாய் நிறுவியிருந்தனர். எதிர்பார்த்த பலன் கிட்டவில்லை. லண்டன் டவிஸ்டாக் நிலையத்தைச் சேர்ந்த ஏ. கே. ரைஸ் என்பார் கொட்டகையை ஆராய்ந்தார். 224 தறிகளில் 29 பேர் 12 வகை வேலைகளாகப் பிரிந்து உழைத்து வந்தனர். நெய்பவர் ஒருவர், நூல் தார் நிரப்புபவர் வேறொருவர், அறுந்ததைச் சேர்ப்பவர் மற்றொருவர், தறியைப் பழுது பார்ப்பவர் இன்னொருவர். ஒவ்வொருவருக்கும் ஒப்படைத்த தறிகளின் எண்ணிக்கை வெவ்வேறாயிருந்தமையால், இன்ன தறிகளுக்கு இன்னார் பொறுப்பு என்று சொல்லும்படி ஒரு கூட்டமும் அங்கே இல்லை. ஓர் இழை அறுந்தால் யாரைக் கூப்பிடுவது என்பதே குழப்பம்.

சிறு குழுக்களாகச் சேர்ந்து, ஒவ்வொரு குழுவும் ஒரு தறித் தொகுதியை முழுமையாகத் தன் பொறுப்பில் ஏற்பது என்ற யோசனையை ரைஸ் முன்வைத்தார். தொழிலாளர் அதனைத் தாமே எடுத்துக்கொண்டு, தமக்குள் குழு வகுத்துக்கொண்டனர். சில காலம் ஏற்ற இறக்கமாயிருந்து நிலைபெற்றபோது, தறிகளின் செயல்திறன் நூற்றுக்குச் சுமார் 80-லிருந்து சுமார் 95-க்கு உயர்ந்தது. பழுது நூற்றுக்குச் சுமார் 32-லிருந்து சுமார் 20-க்கு இறங்கிற்று. தறிகள் மாறவில்லை. அபராதம் கூடவில்லை. வேலையை வகுத்த முறையே மாறிற்று.

இதனோடு முடித்துவிட்டால் பாதி உண்மையே சொன்னவராவோம். 1970-இல் எரிக் மில்லர் என்பார் அதே மில்லுக்குச் சென்று மீண்டும் ஆராய்ந்தார். ஒரு கொட்டகையில் குழுமுறை நிலைத்திருக்கக் கண்டார். பிறவிடங்களில் அது தளர்ந்து, பழைய வழக்கங்கள் திரும்பியிருக்கக் கண்டார். ஒரு முறை சீர்திருத்தினால் போதும், பிறகு தானே ஓடும் என்பது எத்தொழிலிலும் பொய். விழிப்பு நீங்கிய இடத்தில் மேஸ்திரி ராஜ்யம் திரும்பி வரும்.

இரு தரப்பு ஆட்சேபங்கள்

கவனக்குறைவே இல்லையா, எல்லாப் பழியும் நிர்வாகத்திற்கா என்று ஆலை முதலாளிகள் கேட்கலாம். கவனக்குறைவு உண்டு. பத்துத் தறிக்காரரில் ஒருவர் எண்ணிக்கை மட்டும் நாள்தோறும் எல்லைக்கு வெளியே நின்றால், அவரைத் தனியே கவனிக்கத்தான் வேண்டும். அப்பொழுதும் அவருடைய தறி ஒழுங்காயிருக்கிறதா, அவர் கண் தெளிவாயிருக்கிறதா, அவருக்குக் கற்றுக் கொடுத்தவர் யார் என்று கேட்ட பிறகே தண்டனையை நினைக்கலாம். எண்களை வைத்துக்கொண்டு விசாரிப்பதை நாம் மறுக்கவில்லை; விசாரணையின்றித் தீர்ப்பளிப்பதையே மறுக்கிறோம்.

மற்றோர் ஆட்சேபம் நம் தொழிற்சங்க நண்பர்களிடமிருந்து வருவது. பழுதை எண்ணுவது வேவு பார்ப்பதாகும். இன்று எண்ணுவார்கள், நாளை அதே காகிதத்தைக் காட்டி வேலை நீக்குவார்கள் என்கின்றனர். இந்த அச்சம் காரணமற்றதன்று. ஆனால் எண்ணாதிருப்பதனால் தொழிலாளிக்குப் பாதுகாப்பு வந்துவிடாது. கணக்கு இல்லாத இடத்தில் மேஸ்திரியின் வாய்ச்சொல்லே கணக்கு. நீதிமன்றத்தில் எழுத்துச் சாட்சியம் எளியவனுக்கே பெரிதும் துணையாவது. பஞ்சு சரியில்லாத வாரத்தில் எல்லாத் தறிகளிலும் பழுது ஒருங்கே ஏறிற்று என்று சுவரிலுள்ள படம் காட்டுமாயின், எந்த வக்கீலும் அதனினும் நன்றாகத் தொழிலாளிக்காக வாதாட முடியாது.

சுதேசியும் சீரும்

சுதேசித் துணியை வாங்குங்கள் என்று ஒரு காலத்தில் தெருத்தெருவாய்ப் பிரசாரம் செய்த இயக்கம் நம்முடையது. நாட்டுப்பற்று இருந்தால் முரட்டுத் துணியும் பட்டாகும் என்று சிலர் பேசினர். காந்தியடிகள் அதனோடு திருப்தியடையவில்லை. 1925-இல் அகில பாரத சர்க்கா சங்கம் ஏற்பட்டபோது, முதல் வகுப்பு உறுப்பினர் மாதம் 1,000 கஜம் தாமே நூற்ற நூலைச் சந்தாவாகச் செலுத்த வேண்டும் என்று விதித்தனர். அந்நூல் நன்கு முறுக்கேறியதாகவும் ஒரே சீராகவும் இருக்க வேண்டும் என்பதும் விதியிலேயே இடம் பெற்றது. தேசத்திற்குக் கொடுக்கும் நூலும் சோதனைக்கு உட்பட்டதே. சீரற்ற நூலை நெசவாளன் தலையில் கட்டுவது ஏழைக்குச் செய்யும் அநியாயம் என்பதைக் கதர் ஊழியர்கள் அனுபவத்தில் அறிந்திருந்தனர். அறுந்த இழையை முடிந்து முடிந்து பொழுது போக்கியவன் அவனே அல்லவா?

செய்யத்தக்கவை

ஆதலின் சங்கங்களிலும் கூட்டுறவுகளிலும் பொறுப்பேற்றிருப்போர், கூலி உயர்வைக் கேட்கும் அதே மேஜையில் இவற்றையும் கேட்க வேண்டும் என்பது நம் அபிப்பிராயம். முதலாவது, பழுதை ஆள் வாரியாக மட்டும் எழுதாமல் காரண வாரியாகவும் எழுதி, அப்படத்தைத் தொழிலாளர் கண்படும் இடத்தில் தொங்கவிட வேண்டும். இரண்டாவது, எல்லைக்குட்பட்ட பழுதுக்கு எவரிடமும் பிடித்தம் கூடாது. மூன்றாவது, பாவும் ஊடையும் கொடுத்துக் கூலிக்கு நெய்விப்போர், அந்நூலின் சோதனைச் சீட்டையும் உடன் கொடுக்க வேண்டும். சீட்டு இல்லாத நூலால் நேர்ந்த பழுது நூல் கொடுத்தவருடையதே என்று ஒப்பந்தத்தில் எழுதிவிட வேண்டும். நான்காவது, பழுது கண்டு தறியை நிறுத்தியவனுக்கு, நின்ற நேரத்திற்கும் கூலி உண்டு என்று முடிவு செய்ய வேண்டும்.

இந்நான்கில் எதற்கும் புதிய யந்திரம் வேண்டியதில்லை. வேண்டுவன ஒரு தாள், ஒரு பென்சில், நாள் தவறாது எண்ணும் ஒழுக்கம் ஆகியவை. இவை வந்தால் இரண்டாந்தரம் என்று விலை குறைத்து விற்கும் துணி குறையும். முதலாளிக்கும் அது லாபமே. ஆயினும் முதலாளி தாமாக முன்வருவார் என்று காத்திருக்க வேண்டா. அடுத்த கூலி ஒப்பந்தம் எழுதும் நாளில், பழுதுப் பிடித்தம் என்னும் ஒரு வரியை அடித்துவிட்டு, அந்த இடத்தில் இந்த நான்கையும் எழுதும்படி நம் அன்பர்கள் பிடிவாதமாய்க் கேட்பார்களாக.